பட்டியல் எழுதிய கையும் கத்தி ஏந்திய கையும்

(ருவாண்டா இனக்கொலையில் மாண்டோரை நினைந்து கூடிய கூட்டமொன்றில் நாம் ஆற்றிய பேச்சு)



இன்று இங்கே கூடியிருப்போரில் ஒரு பகுதியினர் கற்றுத் தொழில் புரிவோர்: வைத்தியர், வழக்கறிஞர், ஆசிரியர், எழுதுவினைஞர். மறு பகுதியினர் மண்ணை நம்பி வாழும் கமக்காரர். இவ்விரு சாராரையும் ஒருங்கே வைத்துப் பேசக் கிடைத்தமை நல்லதாயிற்று. ஏனெனில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் இவ்விரு சாராரையும் பற்றியது. ஆபிரிக்காவின் நடுவே உள்ள ருவாண்டா என்னும் சிறு நாட்டில் 1994 ஆம் ஆண்டு, நூறு நாட்களிலே நிகழ்ந்த இனக்கொலையைப் பற்றியே பேச வந்துள்ளோம். அங்கே கற்றவர் பட்டியல் எழுதினர்; உழுதவர் கத்தி ஏந்தினர். ஒன்றில்லாமல் மற்றொன்று நடந்திராது. இதுவே நாம் இன்று சொல்ல வந்த செய்தி.

ஒரே குன்று, ஒரே மொழி

ருவாண்டா இலங்கையின் பாதிப் பரப்புக்கும் குறைந்த நாடு; 26,338 சதுர கிலோமீட்டர். ஆயிரம் குன்றுகளின் நாடு என்பது அதற்கு வழங்கும் பெயர். குன்றின் சரிவெங்கும் வாழையும் அவரையும் கோப்பியும். இடையிடையே சிறு வீடுகள். அங்கே ஹூட்டு, துட்சி, துவா என மூவகை மக்கள் வாழ்ந்தனர். ஹூட்டுக்கள் பெருந்தொகையினர், துட்சிகள் சிறு தொகையினர், துவாக்கள் மிகச் சிலர். இவர்களுக்குத் தனித்தனி மொழி உண்டோ? இல்லை. எல்லோரும் பேசுவது கின்யருவாண்டா என்னும் ஒரு மொழியே. தனித்தனிச் சமயம் உண்டோ? இல்லை. தனித்தனி நிலப்பகுதி உண்டோ? அதுவும் இல்லை. ஒரே குன்றிலே அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர்; பெண் கொடுத்துப் பெண் எடுத்தனர்.

பழங்காலத்தில் அரசும் மந்தையும் உடையோர் பெரும்பாலும் துட்சிகள் எனப்பட்டனர். நிலம் உழுதோர் ஹூட்டுக்கள் எனப்பட்டனர். மேல் கீழ் என்ற வேறுபாடு அன்றும் இருந்தது. அதனை மறைப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் மந்தை பெருகிய ஹூட்டுக் குடும்பம் காலப்போக்கில் துட்சி எனப்படுவதும் உண்டு. கதவு முற்றாக அடைபடவில்லை.

கதவை அடைத்தது எழுதுகோல். முதலாம் உலகப் போரின் பின்னர் அந்நாட்டை ஆண்ட பெல்ஜியர், 1933 ஆம் ஆண்டளவில் மக்களை வகைப்படுத்தி, அடையாள அட்டை கொடுத்து, அதிலே அவரவர் இனப்பெயரை எழுதினர். அன்று முதல் தந்தை எதுவோ மகனும் அதுவே. துட்சித் தலைவர்களைக் கொண்டு ஹூட்டு மக்களிடம் வரியும் ஊழியமும் பெற்ற அதே பெல்ஜியர், அத்தலைவர்கள் சுதந்திரம் கேட்கத் தொடங்கியதும் மறுபக்கம் சாய்ந்தனர். 1959 இல் கலகம் மூண்டது. ஆயிரமாயிரம் துட்சிகள் உகண்டாவுக்கும் புருண்டிக்கும் ஏனைய அயல்நாடுகளுக்கும் ஓடினர். 1962 ஜூலை 1 இல் சுதந்திரம் வந்தது. வெள்ளையர் போயினர், அட்டை போகவில்லை.

திடீர்ச் சினம் அன்று

ஆபிரிக்கர் தம் பழம்பகையால் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டனர் என்று மேல்நாட்டார் சிலர் அக்காலத்திற் பேசினர். அஃது உண்மையன்று. நிகழ்ந்தது திடீர்ச் சினம் அன்று, திட்டமிட்ட வேலை.

1980களின் இறுதியிலே உலகச் சந்தையில் கோப்பி விலை வீழ்ந்தது. பிள்ளைகள் பெருகப் பெருகக் காணியோ துண்டு துண்டாயிற்று. கமக்காரன் கையிற் காசில்லை. இளைஞனுக்கு நிலமுமில்லை, தொழிலுமில்லை. இந்நிலையில் 1990 ஒக்டோபர் 1 இல், முன்னர் ஓடிய அகதிகளின் பிள்ளைகள் ருவாண்டாத் தேசபக்த முன்னணி என்னும் படையாகி உகண்டாவிலிருந்து நாட்டினுள் புகுந்தனர். ஆட்சியாளருக்கு நல்லதொரு சாட்டுக் கிடைத்தது. படை கொண்டு வந்தோரை மட்டுமன்றி, குன்றிலே அவரை நட்டுக்கொண்டிருந்த துட்சிக் குடியானவனையும் பகைவன் என்றனர். கங்குரா என்னும் பத்திரிகை 1990 டிசம்பரில் ஹூட்டுக்களுக்கென்று பத்துக் கட்டளைகளை அச்சிட்டு, துட்சிப் பெண்ணை மணப்பவன் துரோகி என்றது. 1993 ஜூலையில் தொடங்கிய தனியார் வானொலி நிலையமொன்று, பாட்டும் பகடியும் கலந்து, துட்சிகளைக் கரப்பான் பூச்சிகள் என்று பழித்தது. மனிதனைப் பூச்சி என்று சொல்ல நா பழகிவிட்டால், நசுக்கக் கால் கூசுமோ?

1993 ஓகஸ்டிலே அருஷா நகரில் சமாதான ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதனைக் காக்க ஐக்கிய நாடுகளின் படை வந்தது. அதன் தளபதி, கனடாவைச் சேர்ந்த ரோமியோ டலேர். ஆயுதங்கள் மறைத்து வைக்கப்படுவதையும், கொல்லப்பட வேண்டியோரின் பெயர்கள் திரட்டப்படுவதையும் அறிந்து, 1994 ஜனவரி 11 இல் அவர் நியூயோர்க்குக்குத் தந்தி அனுப்பினார். ஆயுதங்களைக் கைப்பற்ற அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது.

ஏப்ரல் 6 ஆம் நாள் இரவு, ஜனாதிபதி ஹபியாரிமானா ஏறிவந்த விமானம் கிகாலி நகரின்மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவ்விரவே வீதிகளில் தடைகள் எழுந்தன. மறுநாட் காலையில், சமாதானத்தை விரும்பிய ஹூட்டுப் பெண்மணியான பிரதமர் அகாத்தே உவிலிங்கியிமானா கொல்லப்பட்டார். அவருக்குக் காவல் நின்ற பெல்ஜியப் படைவீரர் பதின்மரும் கொல்லப்பட்டனர். வீதித் தடைகளிலே கேட்கப்பட்டது ஒன்றே: அடையாள அட்டை. பெல்ஜியர் அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதுவித்த அந்த ஒரு சொல், வாழ்வையும் சாவையும் தீர்மானித்தது. கொலைக்கு அவர்கள் இட்டு வழங்கிய பெயர் என்ன தெரியுமா? “வேலை.” காலையிலே கத்தியுடன் வேலைக்குப் புறப்பட்டனர், மாலையில் இறந்தவன் மாட்டையும் கூரையையும் பங்கிட்டனர்.

இரு அதிகாரிகள்

“மேலிடத்துக் கட்டளை, நாம் என் செய்வோம்?” என்பார் உண்டு. அவர்கட்கு இரு அதிகாரிகளின் கதையைச் சொல்வோம்.

தெற்கே புட்டாரே மாகாணம். பல்கலைக்கழகம் உள்ள இடம். நம் நாட்டு அரசாங்க அதிபரை ஒத்த பதவியில் அங்கே இருந்தவர் ஜீன் பப்திஸ்த் ஹபியலிமானா. அந்நாட்டில் அப்பதவி வகித்த ஒரேயொரு துட்சி. நாடெங்கும் கொலை நடந்த போதும் ஏறக்குறைய இரு வாரம் தம் மாகாணத்தில் பெருங்கொலை பரவாது தடுத்தார். அயல் மாகாணத்தார் அங்கே அடைக்கலம் தேடி ஓடிவந்தனர். அவரைப் பதவியிலிருந்து நீக்கினர், பின்னர்க் கொன்றனர். ஏப்ரல் 19 இல் இடைக்கால ஜனாதிபதியே நேரில் வந்து பேசி, வேலை தொடங்காதோரை இடித்துரைத்தார். அதன் பின்னர் புட்டாரேயில் ஓடிய குருதிக்கு அளவில்லை.

மற்றவர் ஜீன் போல் அக்காயேசு. முன்னர் ஆசிரியராய் இருந்தவர். டபா என்னும் பகுதியின் ஆட்சித் தலைவர். நம்மவர் மணியகாரர் என்று அறிந்த பதவி போன்றது. முதல் நாட்களில் அவரும் கொலையைத் தடுத்தார். ஏப்ரல் 18 இல் அரசாங்கத் தலைவர்கள் கூட்டிய கூட்டத்துக்குச் சென்று திரும்பியதும் ஆளே மாறினார். தம் பணிமனை வளவில் அடைக்கலம் புகுந்த பெண்கள் சீரழிக்கப்படுவதைக் கண்டும் தூண்டி நின்றார். வேலியே பயிரை மேய்ந்தது.

இருவரும் கற்றவர், இருவரும் ஒரே அரசின் உத்தியோகத்தர். ஒருவர் உயிரைக் கொடுத்தார். மற்றவர் பதவியைக் காத்தார். அந்நூறு நாட்களின் கதை முழுவதும் இவ்விருவரிடையே அடங்கிக் கிடக்கிறது.

உலகம் சொல்லைத் தேடியது

இனக்கொலையைத் தடுக்கவும் தண்டிக்கவும் உலக நாடுகள் 1948 டிசம்பர் 9 இல் உடன்படிக்கை செய்திருந்தன. ஆயின் 1994 இல் என் நடந்தது? வல்லரசுகள் “இனக்கொலை” என்ற சொல்லை வாயால் உச்சரிக்கவும் அஞ்சின. உச்சரித்தால் கடமை வந்து சேருமல்லவா? ஏப்ரல் 21 இல் பாதுகாப்புச் சபை ஐ.நா. படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. இதிலே பெருங்கொடுமை யாதெனில், கொலைகார அரசின் பிரதிநிதியே அவ்வாண்டு அச்சபையில் ஓர் உறுப்பினராக வீற்றிருந்தமைதான்.

ஜூலை நடுவில், தேசபக்த முன்னணியின் படை நாட்டைக் கைப்பற்றிய போதே கொலை ஓய்ந்தது. மாண்டோர் ஏறக்குறைய 8 இலட்சம் என்பது ஐ.நா. கணக்கு, பத்து இலட்சத்துக்கும் மேல் என்பது ருவாண்டா அரசின் கணக்கு. குறைந்த கணக்கைக் கொண்டாலும் நாளொன்றுக்கு எண்ணாயிரம் பேர். மாண்டோரிற் பெரும்பாலோர் துட்சிகள். அவர்களைக் கொல்ல மறுத்தும் மறைத்தும் நின்ற ஹூட்டுக்களும் மாண்டனர். அவர்களையும் நாம் மறத்தலாகாது.

எஞ்சியோர் கணக்கு

அன்பர்களே! மாண்டோரை எண்ணலாம், எஞ்சியோர் துயரை எங்ஙனம் எண்ணுவது? ஏறக்குறைய 95,000 பிள்ளைகள் அநாதைகளாயினர் என்று ஐ.நா. சிறுவர் நிதியம் மதிப்பிட்டது. பன்னிரண்டு வயதுப் பெண் தம்பி தங்கையர்க்குத் தாயாகி, அடுப்பு மூட்டி, தோட்டம் கொத்திய குடும்பங்கள் குன்று தோறும் இருந்தன. இரண்டரை இலட்சம் முதல் ஐந்து இலட்சம் வரையிலான பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர் என்பது ஐ.நா. மதிப்பீடு. அவர்களுட் பலர் எயிட்ஸ் நோய்க்கு ஆளாயினர். அக்கொடுமையாற் பிறந்த பிள்ளைகள் பல்லாயிரவர். தாய்க்கு அப்பிள்ளை குழந்தையா, காயமா? இக்கேள்வியுடனேயே அத்தாய்மார் முப்பது ஆண்டுகளைக் கழித்துள்ளனர். 1995 ஜனவரியில் ஐம்பது கைம்பெண்கள் கூடி அவேகா என்னும் சங்கத்தை நிறுவினர். வைத்தியமும் வீடும் ஆறுதலும் தேடிக் கொடுத்த அச்சங்கம் நாடெங்கும் பரவிற்று.

காணியைப் பற்றிக் கமக்காரர் கேட்பீர்கள். ஆண்களை இழந்த வீட்டிலே பெண்ணுக்குக் காணி உரிமை இல்லை என்பது பழைய வழக்கம். கணவனும் மாண்டான், காணியும் இல்லை. இதனை மாற்ற 1999 இல் ஒரு சட்டம் வந்தது. மகளுக்கும் மகனைப் போலவே முதுசொம் உண்டு என்றது. இன்னொரு சிக்கலும் எழுந்தது. 1959 இல் ஓடியோரின் குடும்பங்கள் திரும்பி வந்தன. அதே வேளை இருபது இலட்சம் பேரளவில் அயல்நாடுகளுக்கு ஓடினர். அவர்களும் பின்னர்த் திரும்பினர். ஒரு துண்டுக் காணிக்கு இரு சொந்தக்காரர் நின்றனர். பல இடங்களிற் பாதி பாதியாகப் பிரிக்க வேண்டியதாயிற்று.

மண்ணும் இரகசியம் காத்தது. 2018 இல், இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, கிகாலிக்கு அண்மையில் கபூகா என்னும் இடத்திலே, வீடுகளுக்கு அடியிலும் வளவுகளிலும் ஆழ்ந்த குழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோரின் எலும்புகள் வெளிவந்தன. அயலிலே வாழ்ந்தோர் சிலர் அதனை அறிந்தே இருந்தனர், நாள்தோறும் அவ்வழியே நடந்தனர், வாய் திறக்கவில்லை. தம்மவரைத் தேடித் தேடிச் சலித்தோர், அந்த அயலவரோடு ஒரே சந்தையில் காய்கறி வாங்கினர்.

நீதியின் இரு மேடைகள்

இனி நீதியைப் பார்ப்போம். ஐ.நா. 1994 நவம்பரில் அமைத்த நீதிமன்றம் அருஷாவில் கூடியது. 2015 இறுதியில் மூடப்படும் வரை 93 பேர் மீது குற்றம் சாட்டியது. அறுபதுக்கு மேற்பட்டோர் தண்டனை பெற்றனர். அவர்கள் யார்? இடைக்காலப் பிரதமர் கம்பாண்டா, வரலாற்றுப் பேராசிரியர் நஹிமானா, சட்டம் கற்ற பரயாக்விசா, பத்திரிகாசிரியர் இங்கேசே, வைத்தியர் ஜெராட் ந்தாகிருத்திமானா, போதகராகிய அவர் தந்தை, குடும்ப நல அமைச்சராயிருந்த பெண்மணி நியிரமாசுகுக்கோ. இப்பெயர்களை வாசிக்கும் போது கற்றவராகிய நாம் தலை குனிய வேண்டும். வைத்தியம் படித்தது எதற்கு? வேதம் படித்தது எதற்கு?

1998 செப்டெம்பர் 2 இல், முன்னர் நாம் கூறிய அக்காயேசு குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. சர்வதேச நீதிமன்றமொன்று ஒருவரை இனக்கொலைக் குற்றவாளி எனக் கண்டது உலக வரலாற்றில் அதுவே முதன்முறை. பெண்களை மானபங்கப்படுத்துதலும் இனக்கொலையின் கருவியாகும் என்று சட்டம் முதன்முதற் கூறியதும் அத்தீர்ப்பிலேதான். தொடக்கத்தில் அக்குற்றம் குற்றப்பத்திரத்தில் இருக்கவில்லை. துணிந்து சாட்சி சொன்ன ஏழைப் பெண்களின் வாய்மொழியே அதனைச் சேர்ப்பித்தது. அவ்வழக்கைக் கேட்ட மூன்று நீதிபதிகளுள் ஒருவர் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில், தமிழ்க் குடும்பத்திலே, பேருந்துச் சாரதியின் மகளாகப் பிறந்த நவநீதம் பிள்ளை அவர்கள். நிறவெறி ஆட்சியின் கீழ் வளர்ந்த ஒருவருக்கு, அட்டையில் எழுதிய இனப்பெயரின் பொருளை யாரும் விளக்கவேண்டியிருந்திராது.

அருஷாவிலே தலைகள் சில விசாரிக்கப்பட்டன. கத்தி ஏந்திய கைகளோ எத்தனை இலட்சம்? 1990களின் இறுதியில் ருவாண்டாச் சிறைகளில் ஓர் இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேல் நெருக்குண்டு கிடந்தனர். நீதிபதிகளும் வழக்கறிஞரும் பெரும்பாலும் மாண்டனர், அன்றேல் ஓடினர். வழக்கமான முறையில் விசாரித்தால் ஒரு நூற்றாண்டும் போதாது என்றனர். ஆகவே கச்சாச்சா என்னும் பழைய ஊர்மன்றத்தைப் புதுக்கினர். புல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. புற்றரையில் அமர்ந்து வழக்குத் தீர்த்தல். 2002 இற் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2005 இல் நாடெங்கும் பரவி, 2012 ஜூன் 18 இல் முடிந்தது. பன்னீராயிரம் மன்றங்களளவில், பத்தொன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளைத் தீர்த்தன. அவற்றிற் பெரும்பாலானவை சொத்துக் கொள்ளை வழக்குகள். நீதிபதிகள் ஊரார் தெரிந்தெடுத்த சாதாரண மக்கள். அங்கே கைம்பெண் கேட்ட முதற் கேள்வி, “தண்டனை எத்தனை ஆண்டு?” என்பதன்று. “என் பிள்ளையின் உடல் எங்கே?” என்பதே.

குறையும் சொல்ல வேண்டும்

அம்மன்றங்களிற் குறை இல்லையோ? உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் இல்லை. பழைய காணிப் பகையைப் பொய்ச் சாட்சியால் தீர்த்தோர் உண்டு. சாட்சி சொன்னதற்காகக் கொல்லப்பட்டோரும் உண்டு. இவை யாவற்றினும் பெருங்குறை, வென்றவர் படை செய்த கொலைகள் அப்புற்றரைக்கு வரவேயில்லை. 1995 ஏப்ரலில் கிபெகோ அகதி முகாமில் மாண்டோருக்கும், பின்னர்க் கொங்கோவின் காடுகளில் வேட்டையாடப்பட்ட அகதிகளுக்கும் தாய்மார் இருந்தனர். 1996 இலும் 1998 இலும் கொங்கோவில் மூண்ட போர்கள் இலட்சோப இலட்சம் உயிரைக் குடித்தன. 2025 ஜனவரியில் கோமா நகரைப் பிடித்த கிளர்ச்சிப் படைக்கு ருவாண்டா துணை நின்றதென ஐ.நா. நிபுணர் கூறினர், ருவாண்டா மறுத்தது. 2024 தேர்தலில் ஜனாதிபதி ககாமே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாக்குப் பெற்றார் எனின், மாறுபட்டுப் பேசுவோர் நிலையை நீங்களே உய்த்துணரலாம். துன்பப்பட்ட மக்கள் பக்கத்தினின்று எழுந்த அரசு என்பதால் அதன் செயல் அனைத்தும் அறம் ஆகிவிடாது. நினைவு பொதுச் சொத்து. அதனை ஒரு கட்சி தன் வேலிக்குள் அடைத்தலாகாது.

ஆயினும் நன்மையையும் மறுக்கமாட்டோம். அட்டையில் இனப்பெயர் எழுதுவது ஒழிந்தது. 2007 இல் மரணதண்டனையே ஒழிந்தது. பழிக்குப் பழி என்று ஆயிரவரைத் தூக்கிலிடக்கூடிய நாடு அதனைச் செய்யாது விட்டது. 2006 முதல் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பசு கொடுக்கும் திட்டம் நடந்தது. அப்பசு ஈனும் முதல் நாகுகன்றை அயலவனுக்குக் கொடுக்க வேண்டும். தந்தையைக் கொன்றவன் வீட்டுப் பட்டியிலும் அங்ஙனம் வந்த கன்று நின்றதுண்டு. கமக்காரர் அதன் பொருளை அறிவர்.

நியாங்கே

முடிவாக ஓர் ஊரின் பெயரைச் சொல்லி அமைகிறோம். நியாங்கே என்பது அவ்வூர். 1994 ஏப்ரலில் அவ்வூர்த் தேவாலயத்தினுள் ஆயிரத்தைந்நூறு பேரளவில் அடைக்கலம் புகுந்தனர். பங்குத் தந்தையாகிய அதனாசே செரோம்பாவின் உடன்பாட்டோடு, மண் தள்ளும் யந்திரத்தால் தேவாலயமே அவர்கள்மேல் இடித்து வீழ்த்தப்பட்டது. 2008 இல் மேன்முறையீட்டு மன்றம் அவருக்கு ஆயுட்சிறை விதித்தது. கற்றவர் செய்தது அது.

முதியவளொருத்தி செய்ததையும் கேளுங்கள். சூரா கருகிம்பி நாட்டு வைத்தியம் செய்த கமக்காரப் பெண். வேறோர் ஊரில், தன் சிறு குடிலில் நூற்றுக்கு மேற்பட்டோரை மறைத்தாள். கொலைஞர் வந்த போது கைவளையல்களைக் குலுக்கி, உள்ளே பேயுண்டு, நுழைந்தால் விடாது என்று அச்சுறுத்தினாள். அவர்கள் திரும்பிப் போயினர். அவள் 2018 இற் காலமானாள்.

மீண்டும் நியாங்கேக்கு வருவோம். 1997 மார்ச் 18 இரவு, அவ்வூர்ப் பாடசாலையினுள் ஆயுதம் தாங்கியோர் புகுந்தனர். ஹூட்டுப் பிள்ளைகள் ஒருபுறம், துட்சிப் பிள்ளைகள் மறுபுறம் நிற்கும்படி கட்டளையிட்டனர். பிள்ளைகள் அசையவில்லை. நாங்கள் எல்லோரும் ருவாண்டர் என்றனர். துப்பாக்கி வெடித்தது, குண்டு பொழிந்தது, சிலர் மாண்டனர், பலர் காயமுற்றனர். ஆயினும் பிரியவில்லை. தேவாலயம் வீழ்ந்த அதே ஊரிலே, மூன்றே ஆண்டுகளின் பின்!

அன்பர்களே! பிரித்து நில் என்ற கட்டளை, துப்பாக்கியோடு வருவதற்கு நெடுநாள் முன்னரே தாளிலே வருகிறது, பத்திரிகையிலே வருகிறது, பகடியாக வருகிறது. அப்போதே மறுப்பவனுக்கு இழப்புக் குறைவு. பட்டியல் எழுதச் சொன்னால் எழுதுகோலைக் கீழே வையுங்கள். அயலவனைப் பூச்சி என்றால் அப்பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். கொலை முடிந்தபின் வரும் நீதிமன்றமும் புல்வெளி மன்றமும் எலும்புகளை எண்ணலாம், பெயரை எழுதலாம், உயிரை மீட்கமாட்டா. பாடசாலைப் பிள்ளைகளால் முடிந்தது நம்மால் முடியாதோ?

மாண்டோர் அனைவர்க்கும் நம் அஞ்சலி.